படுத்துக்கொண்ட படிக்கட்டு

1924-ஆம் வருஷம். பெர்லின் நகரை ஒட்டிய நாய்பாபெல்ஸ்பெர்க் ஸ்டுடியோவுக்கு, ஒரு படத்தின் செட் வேலைக்காக லண்டனிலிருந்து ஓர் இளைஞர் வந்திறங்கினார். வயது இருபத்தைந்து. குண்டான உடம்பு, எதையும் உற்றுப் பார்க்கிற கண்கள். தந்திக் கம்பி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஊமைப் படங்களுக்கு எழுத்து அட்டை வரைந்துகொடுத்து சினிமாவுக்குள் நுழைந்தவர். தன் வேலையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் பக்கத்துத் தளத்துக்குப் போய் ஓரமாக நின்றுகொள்வார். அங்கே நடந்துகொண்டிருந்தது, லண்டனில் அவர் கண்டிராத ஒரு வித்தை.

எஃப். டபிள்யூ. முர்னாவ் என்ற ஜெர்மானிய இயக்குநர் 'கடைசி மனிதன்' என்ற ஊமைப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டல் வாசலில் பளபளக்கும் சீருடையோடு நின்ற கிழவர் ஒருவர், அந்தச் சீருடை பறிபோனதும் குலைந்துபோகும் கதை. அதில் ஓரிடத்தில் கிழவர் கல்யாண விருந்தில் அளவு மீறிக் குடித்துவிடுவார். தள்ளாடுகிற மனிதனைக் காட்டுவது எந்த நடிகருக்கும் எளிது. முர்னாவுக்கு வேண்டியிருந்தது, அந்த மனிதனின் கண்ணுக்கு உலகம் தள்ளாடுகிற காட்சி. கேமராமேன் கார்ல் ஃப்ராய்ண்ட், கேமராவைத் தன் நெஞ்சோடு சேர்த்து வாரால் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு, குடிக்காமலே அவர் தள்ளாடினார். திரையில் அறையே சுழன்றது.

இன்னொரு காட்சிக்கு முர்னாவ் ஒரு ரயில் நிலையம் கட்டியிருந்தார். கேமராவுக்குக் கிட்டே இருந்தவை நிஜ அளவில் இருந்தன. தள்ளிப் போகப் போக எல்லாம் அளவில் சுருங்கிக்கொண்டே போயின. பக்கத்தில் நின்று பார்த்தால் கோணல்மாணலாகத் தெரிந்த அந்தச் சின்ன இடம், லென்ஸ் வழியாகப் பார்த்தபோது நீண்டு விரிந்த நிலையமானது. செட் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், திரையில் எப்படித் தெரிகிறது என்பது மட்டுமே கணக்கு என்று அந்த லண்டன் இளைஞர் மனதில் எழுதிக்கொண்டார். முப்பத்துமூன்று வருஷம் கழித்து இந்த ஒரு பாடம் ஒரு ஹாலிவுட் ஸ்டுடியோவுக்கு முப்பத்தோராயிரம் டாலரை மிச்சம் பிடித்துக்கொடுக்கப் போகிறது என்பது அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

அந்த இளைஞரின் பெயர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்.

ஊர் திரும்பியவர் சீக்கிரமே இயக்குநரானார். 1927-ல் வெளியான 'தி லாட்ஜர்' படத்தில், மாடியில் குடியிருக்கும் ஆள் கொலைகாரனாக இருப்பானோ என்று கீழ்வீட்டுக் குடும்பம் நடுங்குகிறது. மாடியில் அவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான். கீழே தொங்குவிளக்கு ஆடுகிறது. ஊமைப் படத்தில் காலடிச் சத்தத்தை எப்படிக் கேட்கவைப்பது? ஹிட்ச்காக் தடித்த கண்ணாடியில் ஒரு தளம் போடச் சொன்னார். அதன்மேல் நடிகர் ஐவர் நொவெல்லோவை நடக்கவிட்டு, கீழே கேமராவை வைத்து அண்ணாந்து எடுத்தார். கூரை கரைந்துபோய், நடக்கிற பாதங்கள் தெரிந்தன. காதுக்கு எட்டவேண்டியது கண்ணுக்கு எட்டியது.

அவருடைய முறை அப்போதே வந்துவிட்டது. பயந்தவனின் முகத்தைக் காட்டுவது பாதி வேலை; அவன் பயந்துபோய்ப் பார்க்கிற பொருளை, அவன் பார்க்கிற விதத்திலேயே காட்டுவது மீதி வேலை. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக அவர் எடுத்த படங்களில் படிக்கட்டும், உயரமும், கீழே விழுவதும் திரும்பத் திரும்ப வந்ததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பயம் உடம்பில் முதலில் தட்டுப்படுகிற இடங்கள் அவை. ஆனால் ஒரே ஓர் உணர்வு மட்டும் அவருடைய கேமராவுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டிருந்தது. அது அவருடைய சொந்த உடம்பில் நேர்ந்த உணர்வு.

லண்டன் ஆல்பர்ட் ஹாலில் ஓவியர்களும் சிற்பிகளும் கூடிக் கொண்டாடிய செல்சி ஆர்ட்ஸ் பால் என்ற நடன இரவு அந்நாளில் மிகப் பிரபலம். விதவிதமான வேஷம், வெள்ளமாக மது. லண்டன் நாட்களில் அப்படியோர் இரவில் ஹிட்ச்காக் தலைகால் தெரியாமல் குடித்துவிட்டார். அப்போது அது நடந்தது. அறை சுற்றவில்லை, தரை ஆடவில்லை. அவர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருக்க, எதிரே இருந்ததெல்லாம் அவரைவிட்டு விலகி நெடுந்தூரம் போய்க்கொண்டிருந்தது.

போதை இறங்கியது. அந்த உணர்வு மட்டும் அவருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதே ஆல்பர்ட் ஹாலை 1934-ல் 'தி மேன் ஹூ நியூ டூ மச்' படத்தின் கொலை முயற்சிக் காட்சிக்குக் களமாக்கினார். நிறைந்த சபையைக் காட்டப் பணம் போதாததால், ஓவியமாகத் தீட்டிய கூட்டத்தைக் கண்ணாடி வழியே பிரதிபலிக்கவைத்து நிஜ மண்டபத்தோடு ஒட்டவைத்தார். செய்யமுடியாதது எதுவும் இல்லை என்ற துணிச்சல் வளர்ந்துகொண்டே போனது. 1939-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பழைய இரவையும் மனதில் சுமந்துகொண்டு போனார்.

அங்கே தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்குக்காக முதலில் எடுத்த படம் 'ரெபெக்கா'. நீதி விசாரணைக் காட்சியில் கதாநாயகி ஜோன் ஃபோன்டைன் மயங்கி விழவேண்டும். ஹிட்ச்காக்குக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. விழுவதற்கு முந்திய கணத்தில் அவளுக்கு எல்லாமே தூரமாகப் போவதுபோல் தெரியவேண்டும் என்று கேட்டார். ஹாலிவுட்டின் பணமும் கருவிகளும் ஆட்களும் இருந்த இடம் அது. கேட்டால் கிடைக்கும் என்றுதான் நம்பினார்.

கிடைக்கவில்லை.

சிக்கல் இதுதான். கேமராவை ட்ராலியில் வைத்துப் பின்னால் இழுத்தால் எதிரே உள்ளது எல்லாமே ஒருசேரச் சின்னதாகும். நாம் விலகிப் போவதுபோல் இருக்குமே தவிர, உலகம் விலகிப் போவதுபோல் இருக்காது. கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு எட்டிப் பார்க்கிறவருக்குத் தலை கிறுகிறுக்கும்போது, சுவர் இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர் மட்டும் ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஹிட்ச்காக் கேட்டது அதைத்தான். பார்க்கிற இடம் மாறக்கூடாது. பார்க்கப்படுவது மட்டும் நீளவேண்டும். 1939-ல் அதற்கு யாரிடமும் வழி இருக்கவில்லை. 'ரெபெக்கா' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வாங்கியது. அவர் ஆசைப்பட்ட அந்த ஷாட் அதில் இல்லை.

ஒரு சின்ன ஆசை நிறைவேறாமல் போனால் பெரும்பாலான இயக்குநர்கள் மறந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். ஹிட்ச்காக் அதைத் தீராத கணக்காக வைத்துக்கொண்டார். அந்தப் பிரச்சினையைப் பதினைந்து வருஷம் யோசித்ததாகப் பின்னாளில் சொன்னார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதற்கும் மேலேயே ஆகிறது.

அந்த இடைக்காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. 1941-ல் 'சஸ்பிஷன்' படத்தில், கணவன் ஒரு டம்ளர் பாலை ஏந்திக்கொண்டு இருட்டான படிக்கட்டில் ஏறி வருகிறான். அதில் விஷம் இருக்குமோ என்ற சந்தேகத்தில் பார்க்கிறவரின் கண் பாலைவிட்டு நகரக்கூடாது. பாலுக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிட்டார். 1942-ல் 'சபட்டூர்' படத்தில், சுதந்திர தேவி சிலையின் உச்சியிலிருந்து ஒருவன் விழவேண்டும். நடிகர் நார்மன் லாய்டை ஓர் இருக்கையில் உட்காரவைத்து, கேமராவை அவரிடமிருந்து விருட்டென்று மேலே இழுத்துக்கொண்டு, பின்னணியைப் பிறகு சேர்த்தார். நடிகர் விழவேயில்லை, கேமராதான் அவரைவிட்டு ஓடியது. 1945-ல் 'ஸ்பெல்பவுண்ட்' படத்தில், துப்பாக்கி பிடித்த கையும் தூரத்தில் போகும் பெண்ணும் ஒரே நேரத்தில் துல்லியமாகத் தெரிய லென்ஸ் ஒத்துழைக்காதபோது, ராட்சதக் கையும் ராட்சதத் துப்பாக்கியும் செய்யவைத்தார்.

'சபட்டூர்' படத்துத் தந்திரத்தைக் கவனித்தால், தேடிய பொருளின் பாதி அப்போதே அவர் கையில் இருந்தது புரியும். கேமரா நகர்ந்தால் ஆழம் மாறும். மீதிப் பாதி வந்துசேர்ந்தது, அவர் திரும்பிக்கூடப் பார்த்திராத ஒரு மூலையிலிருந்து.

ஜூம் லென்ஸ் என்பது 1930-களிலேயே சினிமாவுக்கு வந்துவிட்ட சாமான்தான். பாரமானது, மங்கலானது, பெரிய ஆட்கள் அதை அதிகம் தொடவில்லை. 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. மைதானத்து விளையாட்டை நேரடியாகக் காட்ட, நின்ற இடத்திலிருந்தே பந்தைத் துரத்துகிற லென்ஸ் தேவைப்பட்டது. ஃப்ராங்க் பேக் உருவாக்கிய ஜூமார் போன்ற லென்ஸ்கள் அப்படித்தான் புழக்கத்துக்கு வந்தன. ஆல்பர்ட் ஹால் மயக்கத்துக்கும் பேஸ்பால் மைதானத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரு தச்சுப் பட்டறையில் சந்திக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

1950-களின் நடுவில் ஹிட்ச்காக் கைக்கு ஒரு பிரெஞ்சு நாவல் வந்தது. பியர் புவாலோவும் தோமா நார்செழாக்கும் சேர்ந்து எழுதி 1954-ல் வெளியானது. உயரத்தைக் கண்டால் தலைசுற்றுகிற ஒரு துப்பறிவாளன் அதன் நாயகன். ஹிட்ச்காக் கதையை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொண்டுபோனார். ஏற்ற இறக்கமான தெருக்களைக் கொண்ட நகரம். அதைவிடப் பொருத்தமான ஊர் அமெரிக்காவில் கிடையாது. படத்துக்குத் தலைச்சுற்று என்ற பொருளில் 'வெர்டிகோ' என்று பெயர் அமைந்தது. பதினெட்டு வருஷமாகத் தூங்கிய ஆசை, தலைப்பாகவே வந்து நின்றது.

ஆனால் படம் கிளம்பவில்லை. 1957 தொடக்கத்தில் ஹிட்ச்காக் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் படுத்தார். அது ஆறியதும் பித்தப்பை. இவர் எழுந்து உட்காருவதற்குள், கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்து உடையெல்லாம் அளவெடுத்திருந்த வெரா மைல்ஸ் கர்ப்பமானார். அவர் இடத்துக்குக் கிம் நோவாக் வந்தார். செப்டம்பர் கடைசியில் ஒருவழியாகப் படப்பிடிப்பு தொடங்கியது. உச்சக்காட்சிக்கு சான் ஹுவான் பாட்டிஸ்டா என்ற ஊரில், 1797-ல் நிறுவப்பட்ட பழைய தேவாலயத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கதைப்படி கதாநாயகி மணிக்கோபுரத்தில் ஏறவேண்டும். அந்தத் தேவாலயத்தில் கதைக்குத் தேவையான கோபுரமே இல்லை.

இல்லாத கோபுரத்தை ஓவியத்தில் வரைந்து படத்தோடு இணைத்தார்கள். உள்ளே ஏறும் மரப் படிக்கட்டை பாரமவுன்ட் ஸ்டுடியோவில் கட்டினார்கள். நடிகர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதில் மூச்சிரைக்க ஏறினார். பாதியில் நின்று கீழே பார்த்தார். இப்போது வேண்டியது அவர் கண்ட காட்சி. படிகளின் நடுவே தெரியும் அந்தக் குழி, பார்க்கப் பார்க்கக் கீழே நீளவேண்டும். இந்த முறை வழி தெரிந்திருந்தது. ட்ராலி ஒரு திசையில் ஓடவேண்டும், அதே நேரத்தில் ஜூம் அதற்கு எதிர்த்திசையில் திரும்பவேண்டும். எவ்வளவு செலவாகும் என்று ஹிட்ச்காக் கேட்டார். வந்த பதில் எல்லாவற்றையும் மறுபடி முதல் கட்டத்துக்கே தள்ளிவிடும்போல் இருந்தது.

ஐம்பதாயிரம் டாலர்! ஆள்கூடத் தெரியாத, சில வினாடி ஷாட் ஒன்றுக்கு.

ஏன் என்று கேட்டார். கேமராவைப் படிக்கட்டின் உச்சிக்குத் தூக்கவேண்டும், எதிர்ப்பாரம் கட்டவேண்டும், அந்தரத்தில் நிறுத்தி ஏற்றி இறக்கவேண்டும், அதற்குப் பெரிய சாதனம் வேண்டும் என்றார்கள். எல்லாம் நியாயமான கணக்கு. இன்னொருவராக இருந்தால் அங்கேயே ஷாட் செத்திருக்கும். ஹிட்ச்காக் அப்போது முர்னாவின் ரயில் நிலையத்தை நினைத்தாரோ என்னவோ, அவர் சொன்ன பதிலில் அந்த நிலையம் இருந்தது. இந்த ஷாட்டில் ஆட்களே இல்லையே, வெறும் பார்வைதானே, படிக்கட்டைச் சின்னதாகச் செய்யுங்கள், செய்து பக்கவாட்டில் படுக்கவையுங்கள் என்றார்.

படிக்கட்டு படுத்தது. மேலும் கீழும் இருந்த ஆழம், தரையோடு தரையாகக் கிடையாக நீண்டது. அந்தரத்தில் தொங்கவேண்டிய கேமரா, தண்டவாளத்தில் சொகுசாக ஓடியது. மொத்தச் செலவு பத்தொன்பதாயிரம் டாலர்.

ஒரு வினோதப் பொருத்தத்தை இங்கே சொல்லாமல் இருக்கமுடியவில்லை. 'வெர்டிகோ' எடுக்கப்பட்டது பாரமவுன்டின் விஸ்டாவிஷன் முறையில். சாதாரணக் கேமராவில் ஃபிலிம் மேலிருந்து கீழே ஓடும். விஸ்டாவிஷனில் அது பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஓடும். நிற்கிறதைப் படுக்கவைத்துப் பார்ப்பது அந்த ஸ்டுடியோவில் ஏற்கெனவே பழகிப்போன காரியம்.

படுக்கவைத்துவிட்டால் மட்டும் ஷாட் வந்துவிடாது. கேமரா இரண்டு மீட்டர் தூரத்தில் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸில் ஒரு பொருளை எந்த அளவில் காட்டுகிறதோ, நான்கு மீட்டர் தூரத்தில் நூறு மில்லிமீட்டரில் அதே அளவில் காட்டும். தூரம் மாறுகிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் லென்ஸ் அதே விகிதத்தில் மாறினால்தான் பொருள் அசையாமல் நிற்கும், அதன் பின்னால் உள்ளது மட்டும் விலகும் அல்லது நெருங்கும். ட்ராலி தள்ளுகிறவரின் காலும் ஜூம் திருப்புகிறவரின் கையும் ஒரு மூச்சாகப் போகவேண்டும். ஒரு கணம் பிசகினால் ரகசியம் வெளிப்பட்டுவிடும். கணினி உதவி எதுவும் கிடையாத காலம். அந்தக் கைவேலையைச் செய்து முடித்தவர் இர்மின் ராபர்ட்ஸ். பாரமவுன்டின் இரண்டாம் யூனிட் கேமராமேன். நட்சத்திரங்கள் இல்லாத ஷாட்களை எடுத்துத் தருவது அவருடைய வேலை.

ஷாட் கிடைத்துவிட்டது. கிடைத்ததை ஹிட்ச்காக் எங்கே வைத்தார் என்பதில்தான் அவருடைய மேதைமை முழுதாகத் தெரிகிறது. 'வெர்டிகோ' முழுவதும் சுழல்கள். சால் பாஸ் வடிவமைத்த தொடக்க எழுத்துகளில் ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளிருந்து சுருள் விரிகிறது. கிம் நோவாக்கின் கொண்டை, அருங்காட்சியகத்தில் தொங்கும் ஓவியத்துப் பெண்ணின் கொண்டையைப் போலவே சுழியாக முடியப்பட்டிருக்கிறது. கோபுரப் படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஓட்டல் அறையில் முத்தமிடும் இருவரைச் சுற்றிக் கேமரா வட்டமிடுகிறது. இத்தனை சுழல்களுக்கு நடுவே அந்த ஷாட் மட்டும் நேர்க்கோட்டில், தலைக்குப்புறக் கீழே இழுக்கிறது. பெர்னார்ட் ஹெர்மன் அதற்கு ஒன்றோடொன்று பொருந்தாத சுரங்களை மோதவிட்டார். படத்தில் அது வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்களில், ஒவ்வொரு முறையும் சில வினாடிகள். ஒரே மனிதனின் ஒரே நோய்க்கு உரிய ஷாட். அந்தப் படத்தில் வேறு எந்தக் காட்சிக்கும் ஹிட்ச்காக் அதைக் கடன் கொடுக்கவில்லை.

1958 மே மாதம் சான் ஃபிரான்சிஸ்கோவில் படம் வெளியானது. பத்தொன்பதாயிரம் டாலருக்கும், அத்தனை வருஷக் காத்திருப்புக்கும் கைதட்டல் காத்திருக்கும் என்று ஸ்டுடியோ எதிர்பார்த்தது.

விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நீளம் என்றார்கள், நம்பமுடியவில்லை என்றார்கள். வசூல் சுமார். இரண்டே வருஷத்தில் ஹிட்ச்காக் 'சைக்கோ' எடுத்தார். உலகம் அதன் பின்னால் ஓடியது. 1962 ஆகஸ்டில் பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரான்ஸ்வா த்ரூஃபோ, ஹெலன் ஸ்காட்டை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு, நாள்கணக்கில் உட்கார்ந்து ஹிட்ச்காக்கைப் பேட்டி கண்டார். ஆல்பர்ட் ஹால் இரவு, 'ரெபெக்கா' ஏமாற்றம், படுத்த படிக்கட்டு எல்லாம் அந்தப் பேட்டியில்தான் வெளிவந்தன. 1965-ல் எம்.ஜி.ஆர். - சரோஜாதேவி நடித்த 'கலங்கரை விளக்கம்', 'வெர்டிகோ' கதையின் சாயலில் சென்னையில் உருவானது. கதை கடல் தாண்டியது. ஆனால் மூலப்படத்துக்கு அதற்குள் வேறொரு விதி காத்திருந்தது.

1973-ல் 'வெர்டிகோ' திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. தன் ஐந்து படங்களின் உரிமையை ஹிட்ச்காக் தன்வசம் வைத்திருந்தார். அவை புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. 'வெர்டிகோ' அவற்றில் ஒன்று. 1980-ல் அவர் இறந்தபோதும் பெட்டி திறக்கவில்லை. புதிய தலைமுறை ரசிகருக்கு அது கேள்விப்பட்ட படம், பார்க்காத படம். அந்த ஷாட்டும் படத்தோடு இருட்டில் புதைந்திருக்கவேண்டும். அதைக் காப்பாற்றியது ஒரு சுறாமீன்.

1974-ல் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வின்யார்ட் தீவில், இருபத்தேழு வயது இயக்குநர் ஒருவர் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் இறங்கிய இயந்திரச் சுறா வேலைசெய்ய மறுத்தது. ஐம்பத்தைந்து நாளில் முடியவேண்டிய படப்பிடிப்பு நூற்று ஐம்பத்தொன்பது நாளுக்கு இழுத்தது. சுறாவைக் காட்டமுடியாததால், அதைப் பார்த்து நடுங்குகிறவர்களைக் காட்டிப் படத்தை நகர்த்தவேண்டிய கட்டாயம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்ற அந்த இளைஞர் ஹிட்ச்காக்கின் வழிக்கே வந்து சேர்ந்தார்.

கடற்கரையில் கூட்டம். போலீஸ் தலைவர் பிராடி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கடலையே வெறித்துக்கொண்டிருக்கிறார். தூரத்தில் ஒரு சிறுவனைச் சுறா இழுக்கிறது, தண்ணீர் சிவக்கிறது. அந்தக் கணத்தில் கேமரா பிராடியை நோக்கிப் பாய்ந்தது, ஜூம் பின்வாங்கியது. அவர் முகம் திரையில் இருந்த இடத்திலேயே நின்றது. அவருக்குப் பின்னாலிருந்த கடற்கரை முழுதும் விலகி ஓடியது. 1975-ல் 'ஜாஸ்' வெளியாகி, அதுவரை வந்த வசூல் சாதனைகளையெல்லாம் முறியடித்தபோது, உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் அந்த ஷாட்டில் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். லண்டனில் ஒரு குடிமயக்கத்தில் அது தொடங்கியது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஸ்பீல்பெர்க் அதைத் தலைகீழாக்கியிருந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். ஹிட்ச்காக்கின் ஷாட்டில் மனிதன் தெரியமாட்டான். அவன் பார்க்கிற பள்ளம்தான் தெரியும். ஸ்பீல்பெர்க்கின் ஷாட்டில் பார்க்கிறவனின் முகம்தான் மையம். ஆனாலும் இரண்டும் ஒரே ரத்தம். 'வெர்டிகோ' நாயகன் உயரத்துக்குப் பயந்த போலீஸ்காரன். 'ஜாஸ்' நாயகன் தண்ணீருக்குப் பயந்த போலீஸ்காரன். காப்பாற்றவேண்டிய பொறுப்பில் இருந்தும், சொந்த பயத்தால் இருந்த இடத்திலேயே உறைந்துபோனவர்கள் இருவரும். அவர்கள் நிற்க, உலகம் அவர்களைவிட்டு நகர்ந்தது. எடுத்த முறையை மட்டும் இல்லாமல், அது எதற்காகப் பிறந்ததோ அந்தக் காரணத்தையும் ஸ்பீல்பெர்க் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு மடை திறந்துகொண்டது. 1982-ல் 'போல்டர்கைஸ்ட்' படத்தில் ஒரு தாய் ஓட ஓட வீட்டு நடை நீண்டது. 1990-ல் 'குட்ஃபெல்லாஸ்' படத்தில் மார்ட்டின் ஸ்கார்செஸி இரண்டு நண்பர்களை ஓட்டல் மேஜையில் உட்காரவைத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தெருவைக் கண்ணுக்கே தெரியாத மெதுவில் இடம் மாற்றினார். ஒருவன் மற்றவனைக் கொல்லத் துணிந்துவிட்டான் என்பது அந்த அசைவில் தெரிந்துவிடுகிறது. 2001-ல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகத்தில், ஃப்ரோடோவின் எதிரே மரங்கள் அடர்ந்த பாதை நெளிந்தது. விளம்பரங்களிலும் குறும்படங்களிலும் தமிழ்ப் படங்களிலும் அதிர்ச்சி என்றாலே அது வரத் தொடங்கியது. இன்று கையிலிருக்கும் செல்போனும் ட்ரோனும் ஒரு பொத்தானில் அதைச் செய்து தருகின்றன.

அதுதான் டாலி ஜூம். சிலர் வெர்டிகோ ஷாட் என்கிறார்கள், சிலருக்கு அது ஜாஸ் ஷாட். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் முதல் வருஷத்திலேயே ஆசைப்பட்டு எடுத்துப் பார்க்கும் வித்தை. பொத்தானில் கிடைப்பதால் காரணமே இல்லாமலும் வருகிறது. ஒரு படத்தில் ஐந்தாறு முறைகூட வருகிறது. பதினெட்டு வருஷம் காத்திருந்தவர் அந்தப் படத்தில் ஒரு மனிதனின் தலைச்சுற்றுக்கு மட்டும் அதைக் கொடுத்தார். அந்தச் சிக்கனத்தால்தான் 'வெர்டிகோ'வில் அது வரும்போது இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

பூட்டிய பெட்டி 1983-ல் திறந்தது. படம் மறுபடி திரைக்கு வந்தது. 1996-ல் ராபர்ட் ஹாரிஸும் ஜேம்ஸ் காட்ஸும் பழைய பிரதியைச் சீரமைத்துப் புதுக்கருக்கோடு கொண்டுவந்தார்கள். பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலக விமர்சகர்களிடம் எடுக்கும் வாக்கெடுப்பில், ஐம்பது வருஷமாக முதலிடத்தில் இருந்த 'சிட்டிசன் கேன்' படத்தை 2012-ல் 'வெர்டிகோ' கீழே இறக்கியது. 1958-ல் உதட்டைப் பிதுக்கிய அதே துறை, இதுவரை எடுக்கப்பட்ட படங்களிலேயே இதுதான் சிறந்தது என்று வாக்களித்தது.

படத்தின் தொடக்கத்தில், விரியும் அந்தச் சுருள்களின்மேல், இயக்குநர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ், எழுத்துகளை வடிவமைத்த சால் பாஸ் என்று ஒவ்வொருவர் பெயராக வருகிறது. இர்மின் ராபர்ட்ஸ் பெயர் அதில் இல்லை.